போட்டோவைப் பார்த்தால் வருகிறது, அம்மாவைப் பார்த்தால் வரவில்லை

கேட்டவர் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். வயது 34. இரண்டு வருடமாக செல்போனில் உள்ள போட்டோக்களுக்குக் கட்டம் போட்டு, பென்சிலில் முகம் வரைகிறார். நடிகர், தலைவர், நண்பர் வீட்டுக் குழந்தை என எதை வரைந்தாலும் அச்சு அசலாக வருகிறது. போன மாதம் முதல்முறையாக அம்மாவை எதிரே உட்காரவைத்து வரைந்திருக்கிறார். தலை பெரிதாகி, கால் சூம்பி, முன்பின் தெரியாத ஒரு பாட்டி தாளில் வந்து உட்கார்ந்துவிட்டார். “அனாடமி தெரியாததுதான் காரணமா, கோர்ஸில் சேரணுமா, இந்த வயதுக்கு மேல் வருமா, எத்தனை நாளாகும்” என்று நான்கு கேள்வி. நான்குக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: “இரண்டு வருடமாக நான் கற்றுக்கொண்டது படம் வரைவதுதானா, வேறு ஏதாவதா?”

நான் ஓவியக் கல்லூரியில் பெயின்டிங் படித்தவன். 22 வருடமாக மாலை வகுப்பும் சனி ஞாயிறு வகுப்பும் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் ரிட்டயர் ஆன தாசில்தார் வரை வந்து போயிருக்கிறார்கள். உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை, எழுத்தை மட்டும்தான் படித்தேன். அதனால் கீழே சொல்வதில் சில உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். டேப்லெட்டில் வரைவது, அனிமேஷனுக்கு வரைவது எல்லாம் என் தொழில் இல்லை, அதற்குள் போகவில்லை.

முதலில் ஆறுதலான பாகம். இரண்டு வருடம் வீண் போகவில்லை. கோட்டில் அழுத்தம் கூட்டிக் குறைப்பது, நிழலைப் படிப்படியாக ஏற்றுவது, மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்காருவது எல்லாம் கையிலும் இடுப்பிலும் தங்கியிருக்கும். ஆனால் வரைவதில் கஷ்டமான பாதியை இத்தனை நாளும் போட்டோ செய்து கொடுத்திருக்கிறது. கனமுள்ள ஒரு உடம்பைத் தட்டையாக்கி வைத்தது போட்டோ. இரண்டு கண் பார்க்கும் இரண்டு காட்சியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது போட்டோ. மூச்சு விடுகிற, சலிப்பில் தோளைத் தளர்த்துகிற ஆளை ஒரு நொடியில் நிறுத்தியதும் அதுதான். அதற்கு மேல் நீங்கள் கட்டம் போட்டதும் ‘இந்தக் கோடு எங்கே போக வேண்டும்’ என்ற முடிவையும் கட்டமே எடுத்துவிட்டது. எதிரே அம்மா உட்கார்ந்த அன்று அந்த வேலைக்காரன் லீவு போட்டுவிட்டான், அவ்வளவுதான். அவன் செய்ததை இனி நீங்கள் செய்யப் பழக வேண்டும்.

தட்டையாக்குவது ஏன் கஷ்டம் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது, நாளைக் காலையே செய்து பாருங்கள். பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், கண்ணாடியில் தெரியும் உங்கள் முகத்தின் ஓரத்தைச் சோப்புத் துண்டால் சுற்றிக் கோடு போடுங்கள். உச்சியில் ஒரு கோடு, முகவாயில் ஒரு கோடு இருந்தாலும் போதும். பிறகு அதை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். உங்கள் தலையின் உண்மையான உயரத்தில் சரிபாதிதான் இருக்கும். நீங்கள் பக்கத்தில் நின்றாலும் தள்ளி நின்றாலும் பாதிதான், கண்ணாடி கணக்கு அப்படி. வகுப்பில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சோப்போடு போய்விட்டு வந்தால் முகம் மாறியிருக்கும். தினமும் கண்ணாடியில் பார்க்கிற சொந்த முகத்தின் அளவே தெரியாமல்தான் நாம் இருக்கிறோம். கண்ணில் விழுவது ஒன்று, ‘என் முகம் இவ்வளவு’ என்று மூளை சொல்வது ஒன்று. அன்றாட வாழ்க்கைக்கு மூளை சொல்வதுதான் உதவும். தெருமுனையில் வருகிற பஸ் கட்டைவிரல் அளவுதானே என்று நினைத்துக் குறுக்கே போகிறவன் பிழைக்க மாட்டான். வரையும்போது மட்டும் இந்த உதவி இடைஞ்சலாகிறது.

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, 22 வருடமாகக் கண்ணால் பார்ப்பது. ஆய்வும் ஒத்துப்போகிறது: பெரும்பாலானவர்களால் பார்த்ததை ஏன் வரைய முடிவதில்லை என்று 1997-இல் இரண்டு உளவியலாளர்கள் காரணங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். கை ஒத்துழைக்காதது பெரிய காரணம் இல்லை, பொருளைத் தப்பாகப் பார்ப்பதுதான் முக்கியக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். உங்கள் அம்மாவின் தலை பெரிதானதும் கால் சூம்பியதும் இதனால்தான் இருக்க வேண்டும். முகம் நமக்கு முக்கியம், அதனால் பெருக்கிறது. கண்ணைத் தலையின் பாதி உயரத்தில் வைக்காமல் நெற்றிப் பக்கம் ஏற்றிவிடுகிறோம். சாய்ந்திருப்பதை எல்லாம் கொஞ்சம் நிமிர்த்திவிடுகிறோம். நம்மை நோக்கி நீண்டிருக்கும் தொடை கண்ணுக்கு ஒரு சாண் கூட இல்லாவிட்டாலும், தொடை நீளமானது என்று தெரிந்திருப்பதால் நீட்டி வரைகிறோம். பத்து வருடம் ஆனாலும் இந்தத் தப்புகள் போகாது. எனக்கும் போகவில்லை. அவற்றைப் பிடிக்கும் வழி கைவசம் இருந்தால் போதும்.

வழி, அளப்பது. பென்சிலைப் பிடித்துக் கையை முழங்கை மடங்காமல் நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியை உச்சந்தலைக்கும் கட்டைவிரலை முகவாய்க்கும் வைத்தால் ஒரு ‘தலை’ கிடைக்கும். இனி எல்லாவற்றையும் அந்தத் தலையால் அளக்கலாம். இதை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, முழங்கை தளர்ந்துவிடும், அளவு மாறிவிடும். இன்னொன்று, சாய்ந்திருக்கும் கையை அளக்கும்போது பென்சிலையும் அந்தக் கையின் திசையிலேயே அறைக்குள் குத்துவது போலச் சாய்த்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் தட்டையாக்காமல் உண்மை நீளத்தைத்தான் அளக்கிறீர்கள். உங்களுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு ஜன்னல் கண்ணாடி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் அந்தக் கண்ணாடியை ஒட்டியே திரும்பலாம், அதைத் துளைக்கக் கூடாது.

அடுத்தது நூல். கொத்தனார் சுவரைப் பார்க்கும் தூக்குக்குண்டு தெரியுமல்லவா, அதேதான். ஒரு முழம் கறுப்பு நூலில் ஒரு நட்டைக் கட்டிக்கொள்ளுங்கள். போன வருடம் வகுப்பில் ஒரு அம்மாவை அரிவாள்மனையோடு உட்காரவைத்திருந்தோம். ஒரு காலை மடக்கி மனையை அழுத்தி, இன்னொரு காலைக் குத்தவைத்து, லேசாகக் குனிந்து கத்தரிக்காய் நறுக்குகிற நிலை. ஒரு மாணவி நன்றாகத்தான் வரைந்திருந்தார், ஆனால் படத்தில் அந்த அம்மா பின்னால் விழப்போகிறவர் போல இருந்தார். எங்கே தப்பு என்று அவருக்கும் தெரியவில்லை, பார்த்த உடனே எனக்கும் தெரியவில்லை. நூலைத் தூக்கி மூக்கு நுனிக்கு நேராகப் பிடித்தோம். எதிரே இருந்தவருக்கு அது குத்தவைத்த காலின் கட்டைவிரலில் போய் விழுந்தது. படத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் குதிகாலுக்கும் பின்னால் விழுந்தது. அதாவது குனிவதை அவர் நிமிர்த்தியிருக்கிறார், ஒரு பாத நீளம். நூலின் இன்னொரு வேலை, சாய்வுகளைச் சொல்வது. தோளிலிருந்து முழங்கை எவ்வளவு சாய்கிறது என்பதைச் செங்குத்தான நூலோடு ஒப்பிட்டால் உடனே தெரியும், வெறும் கண்ணுக்குத் தெரியாது.

அதே படத்தில் இன்னொன்றும் பார்த்தோம். குத்தவைத்த முழங்காலுக்கும் மார்புக்கும் முன்கைக்கும் நடுவில் ஒரு வெற்றிடம், சமோசா போல. அந்தச் சமோசாவை மட்டும் வரையச் சொன்னேன். கையை வரைந்தால் ‘கை’ என்ற எண்ணம் வந்து கெடுக்கும், காற்றைப் பற்றி யாரிடமும் முன்முடிவு இல்லை. சமோசா சரியாக வந்ததும் கை தானாகச் சரியானது. நடுவிலிருக்கும் வெற்றிடத்தை வரைவது பழைய உத்திதான், ஆனால் தரையில் உட்காரும் நம் ஊர் உடம்புகளுக்கு இது பொன் போல உதவும். சம்மணம், குத்தவைத்தல், ஒருக்களித்தல் என்று கை கால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, இடையில் இத்தகைய ஓட்டைகளை நிறைய விடும்.

உட்காரும் இடத்தைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. ஆளின் உயரத்தைப் போல இரண்டரை, மூன்று மடங்கு தூரம் வேண்டும், இல்லாவிட்டால் தலையைப் பார்க்க நிமிர்ந்து, காலைப் பார்க்கக் குனிந்து, இரண்டு வேறு காட்சிகளை ஒரே தாளில் ஒட்டவைப்பீர்கள். நிற்கிற ஆளுக்குப் பதிமூன்று, பதினைந்து அடி என்பது நம் வீட்டு ஹாலில் கிடைக்காது. தரையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு எட்டடி போதும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, தரையில் இருப்பவரை மேலிருந்து பார்த்தால் தலை உண்மையிலேயே பெரிதாகத்தான் தெரியும். உங்கள் படத்தில் தலை பெருத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், முதல் சில மாதம் நீங்களும் தரையில் உட்காருங்கள். பரீட்சை அட்டையை மடியில் படுக்கவைத்து வரையாதீர்கள். தாளின் மேல்பாகம் கண்ணிலிருந்து தள்ளிப்போவதால் அங்கே எல்லாம் சின்னதாகத் தெரியும், நீங்கள் அறியாமல் பெரிதாக்குவீர்கள். அட்டையை ஒரு ஸ்டூலில் சாய்த்து நிமிர்த்தி வைத்தால் பாதிப் பேருக்குத் தலை பெருக்கும் நோய் அன்றே குணமாகிவிடும்.

கட்டத்தை விட்டுவிட மனமில்லையா, விடவே வேண்டாம். கட்டத்தை போட்டோவிலிருந்து எடுத்து காற்றில் மாட்டுங்கள். ஒரு கெட்டியான கல்யாணப் பத்திரிகை அட்டையில் மூன்றுக்கு நான்கு அளவில் ஜன்னல் வெட்டி, நடுவில் குறுக்கும் நெடுக்கும் நூல் ஒட்டி, அதன் வழியாக அம்மாவைப் பாருங்கள். பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் ஓவியர் டியூரரின் மரச்செதுக்குப் படங்களில் இதுபோல சட்டம் வைத்து வரைபவர்கள் இருக்கிறார்கள். 1882-இல் வான் கோ ஹேக் நகரத்தில் இருந்தபோது காசு கொடுத்து ஒரு சட்டம் செய்து வாங்கி, கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். சட்டம் வைப்பது ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் இவர்கள் பெயரைச் சொல்லுங்கள். இரண்டு கட்டமும் ஒன்றில்லையா என்று கேட்பீர்கள். போட்டோவில் நிற்கும் கட்டம் நீங்கள் தலையைத் திருப்பினாலும் நகராது, காற்றில் உள்ள கட்டம் நகரும். ஒவ்வொரு முறையும் நீங்களே அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தச் சிரமத்தில்தான் பழக்கம் ஏறுகிறது.

எங்கே தொடங்குவது? போட்டோவிலிருந்து வருபவர்கள் எல்லாரும் கண்ணிலிருந்து தொடங்குவார்கள். கண், மூக்கு, வாய் என்று முடித்துவிட்டுக் கீழே வரும்போது தாள் தீர்ந்திருக்கும், பாதத்தை மடக்கி உள்ளே தள்ளுவார்கள். எங்கள் வாத்தியார் இதற்கு ஒரு கெடுபிடி வைத்திருந்தார். ஆள் தரையைத் தொடும் இடங்களை முதலில் குறி, பிறகு உச்சியைக் குறி, இரண்டுக்கும் நடுவில் மற்றவை இடம் பிடித்துக்கொள்ளட்டும் என்பார். “மொதல்ல ஒக்கார எடம் குடு, அப்புறம் மூஞ்சி கேளு” என்று அதட்டுவார். முதல் இருபது நிமிடத்தில் முகத்தில் ஒரு புள்ளி வைத்தாலும் தாளைத் திருப்பிப்போட்டுவிடுவார். அப்போது கோபம் வந்தது. இப்போது நானும் அதையே செய்கிறேன், அதட்டல் மட்டும் கொஞ்சம் குறைவு.

அதைவிட முக்கியமான ஒரு பழக்கம், எத்தனை தடவை நிமிர்ந்து பார்க்கிறீர்கள் என்பது. புதியவர்கள் ஒருதரம் நன்றாகப் பார்த்துவிட்டு, இரண்டு நிமிடம் தாளைப் பார்த்தே வரைவார்கள். பழகியவர்கள் இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை தலையைத் தூக்குவார்கள். அடிக்கடி பார்ப்பவர்களின் படம் துல்லியமாக இருக்கிறது என்று ஆய்விலும் கண்டிருக்கிறார்கள். நினைவில் இருந்து வரைகிற நேரம் நீள நீள, அம்மா போய் ‘பொதுவாக ஒரு பெண்மணி’ வந்துவிடுவார். உங்கள் படத்துப் பாட்டி அப்படி வந்தவர்தான் என்று சந்தேகப்படுகிறேன். உங்கள் வீட்டில் யாரையாவது பக்கவாட்டிலிருந்து செல்போனில் உங்களை இரண்டு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லி, எத்தனை தரம் நிமிர்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

இதுவரை சொன்னது நிதானமாக அளந்து வரைவது. இதை மட்டும் செய்தால் படம் சரியாக இருக்கும், ஆனால் செத்த மாதிரி இருக்கும். கூடவே வேகமாக வரைவதும் வேண்டும்: முப்பது நொடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இதில் ஓரத்தைத் தேடாதீர்கள், பாரம் எங்கே இறங்குகிறது என்று தேடுங்கள். நிற்கிற மனிதர் ஒற்றைக் காலில்தான் பெரும்பாலும் நிற்பார். பாரம் தாங்கும் பக்கம் இடுப்பு மேலே ஏறும், அதே பக்கம் தோள் இறங்கும். கழுத்துக்குழியிலிருந்து நூல் விட்டால் பாரம் தாங்கும் காலின் கணுக்கால் பக்கம் விழும். எழும்பூர் மியூசியத்தின் செப்புத்திருமேனிக் கூடத்தில் பார்வதியை எதிரே நின்று பாருங்கள், இந்த இடுப்பு ஏற்றமும் தோள் இறக்கமும் பாடம் எடுப்பது போல இருக்கும். மெரினா உழைப்பாளர் சிலை இன்னொரு பள்ளிக்கூடம். ராய் சௌத்ரி செய்தது, 1959 முதல் அங்கே நிற்கிறது. நான்கு பேர் பாறையைத் தள்ளுகிறார்கள், பாதம் ஊன்றிய இடத்திலிருந்து முதுகு வரை அந்தத் தள்ளல் ஓடுவதைப் பார்க்கலாம். சுற்றிச் சுற்றி வந்து வரையலாம், அசைய மாட்டார்கள், கூலியும் கேட்க மாட்டார்கள். வேறு ஊர்க்காரர் என்றால் கோயில் மண்டபத் தூண் சிற்பங்கள் இருக்கின்றன. ஆனந்த விகடனில் வரைந்த சில்பி கோயில் கோயிலாகப் போய் நேரில் உட்கார்ந்து வரைந்தவர்தான்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். சிற்பத்திலிருந்து நிற்கும் விதத்தைக் கற்கலாம், அளவைக் கற்க வேண்டாம். சிற்ப சாத்திரத்தில் ஒரு தாளம் 12 அங்குலம். நவதாளம் 108 அங்குலம், உத்தம தசதாளம் 124 அங்குலம். இங்கே அங்குலம் என்றால் இஞ்ச் இல்லை, படிமத்தின் உயரத்தையே பங்கிட்டு வருகிற அளவு. தாளமும் முழுத்தலை இல்லை, முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரையான முகம். அதைத் ‘தலை’ என்று நினைத்துக்கொண்டு பத்துத்தலை உயரத்துக்கு மாமாவை வரைந்து கொண்டுவந்த பையன் என் வகுப்பில் இருந்திருக்கிறான். நேரில் பார்க்கும் பெரியவர்கள் ஏழு, ஏழரைத் தலைதான். பிறந்த குழந்தை நான்கு. லூமிஸ் போன்ற அமெரிக்க வரைகலைஞர்கள் சொல்லும் எட்டுத்தலை, விளம்பரத்துக்கு அழகூட்டிய கணக்கு. தரையில் நிமிர்ந்து உட்கார்ந்தால் உச்சிவரை ஏறக்குறைய நான்கு தலை, குனிந்தால் மூன்றரையும் ஆகலாம். இவை சந்தேகம் வந்தால் சரிபார்க்க, வரைவதற்கு முன் எடுத்துவைத்துக்கொள்ள இல்லை. உங்கள் அம்மாவுக்கு என்ன கணக்கு என்பதை அம்மாவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அனாடமிக்கு வருகிறேன். இங்கே நான் சொல்வது என் அபிப்பிராயம், இதற்கு நேர் எதிராகச் சொல்லும் நல்ல ஆசிரியர்கள் உண்டு. நியூயார்க்கில் வரைதல் கற்பித்த பிரிட்ஜ்மன் என்ற ஆசிரியர் வழியில் போகிறவர்கள் உடம்பைப் பெட்டியாகவும் உருளையாகவும் கட்டி, எலும்பு தசை தெரிந்த பிறகுதான் ஆளைப் பார் என்பார்கள். கற்பனையில் இருந்து வரைய வேண்டியவர்களுக்கு, காமிக்ஸ்காரர்களுக்கு, அது சரிதான் என்று நினைக்கிறேன். எதிரே இருப்பவரை வரைய, நூறு படம் முடிந்த பிறகு அனாடமி படித்தால் போதும். முன்னாலேயே படித்தவர்கள் எனக்குத் தெரிந்து, புடவை மூடிய இடத்திலும் தசை வரைகிறார்கள். இப்போதைக்குத் தோலுக்கு நேர் கீழே எலும்பு முட்டும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: கழுத்துக்குழி, காறை எலும்பு, தோள் முனை, முழங்கை முட்டி, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கக் குமிழ், இடுப்பெலும்பு விளிம்பு, முழங்கால் சில்லு, கணுக்கால். குண்டானவருக்கும் ஒல்லியானவருக்கும் இவை பெரும்பாலும் தெரியும். கணுக்காலின் உட்பக்கக் குமிழ் வெளிப்பக்கத்தைவிட உயரத்தில் இருக்கும், இந்த ஒன்றைச் சரியாக வரைந்தாலே பாதம் தரையில் நிற்கும்.

புடவையைப் பற்றி வெளிநாட்டு வீடியோக்கள் உதவாது. அவர்கள் ஆடையில்லாத மாடலை வைத்துச் சொல்லித்தருகிறார்கள், நம் வீட்டு ஹாலில் அது நடக்காது, தேவையும் இல்லை. துணி மடிப்பு எல்லாம் எங்கோ ஓரிடத்தில் இழுபட்டுத்தான் பிறக்கும். இடுப்பில் செருகிய கொசுவம் ஒரு இடம், முந்தானை தோளில் ஏறும் இடம் இன்னொன்று, சம்மணத்தில் முழங்கால் மூன்றாவது. இழுபடும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கிளம்பும் நான்கைந்து பெரிய மடிப்பை மட்டும் போட்டு மற்றதை விட்டுவிடுங்கள். துணி இறுகிப் படிந்திருக்கும் இடத்தில்தான் உள்ளே உடம்பு தெரியும், தொங்கும் இடத்தில் தெரியாது. கஞ்சி போட்ட காட்டனும் சிந்தெடிக்கும் மடிவது வேறு வேறு, அதைப் பார்க்கப் பார்க்கத்தான் தெரியும்.

வயதுக்கு மேல் வருமா என்றால், வரும். கண்ணாடி போட்டு எட்டடி தூரம் தெளிவாகத் தெரிந்தால் போதும். அந்த ரிட்டயர் ஆன தாசில்தார் 61 வயதில் தொடங்கினார், ஒன்றரை வருடத்தில் பேத்தி தூங்குவதை வரைந்து கொண்டுவந்து காட்டினார், நல்ல படம். பிறவித் திறமை இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே வகுப்பில் ஒரே பயிற்சியில் இருவர் போகும் வேகம் ஒன்றாக இருப்பதில்லை, ஏன் என்று யாரும் எனக்குத் திருப்தியாக விளக்கியதில்லை. ‘வலது மூளையைத் தட்டி எழுப்பினால் வரைதல் வரும்’ என்று 1970-களின் கடைசியிலிருந்து ஒரு விளக்கம் உலவுகிறது. அதோடு சொல்லப்படும் பயிற்சிகள், படத்தைத் தலைகீழாக வைத்து வரைவது போன்றவை, நல்ல பயிற்சிகள், நானே கொடுக்கிறேன். மூளையை இப்படி இடம் வலம் பிரித்துச் சொல்லும் கதையை மட்டும் நம்ப வேண்டாம்.

எத்தனை நாள்? உறுதியான பதில் கிடையாது. என் வகுப்பு அனுபவத்தில், வாரம் ஐந்து நாள் ஒரு மணி நேரம் என்று நேரில் பார்த்தே வரைந்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் அளவு ஓரளவு கட்டுக்குள் வருகிறது. தலை பெருப்பது நிற்கிறது. முகச்சாயல் அப்படி இல்லை. அது வரும், போகும், சில நாள் முழுதாகக் கைவிடும். எனக்கு இன்றும் என் மனைவியின் சாயல் ஐந்துக்கு இரண்டு தரம்தான் சிக்குகிறது. ‘முப்பது நாளில்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம், அது போட்டோ பார்த்தா, ஆள் பார்த்தா என்று கேளுங்கள். கோர்ஸுக்கும் அதே கேள்விதான். மாடலை உட்காரவைத்து, ஆசிரியர் உங்கள் இடத்தில் வந்து உட்கார்ந்து, உங்கள் கண் உயரத்திலிருந்து பார்த்துத் திருத்துகிற இடமாக இருந்தால் காசு கொடுங்கள். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்துத் திருத்தினால் அது அவருடைய படம். கிளாஸ் கிடைக்காவிட்டால் ஒருத்தர் வரைய ஒருத்தர் உட்கார, இரண்டு நண்பர்கள் போதும்.

சாமான்களுக்கு நேரம் செலவழிக்காதீர்கள். 2பி, 4பி பென்சில், ஒரு கட்டு நியூஸ்பிரிண்ட் தாள், பரீட்சை அட்டை, இரண்டு கிளிப். மெக்கானிக்கல் பென்சிலை ஆறு மாதம் பீரோவில் வையுங்கள், அது முடியை ஒவ்வொன்றாக வரையத் தூண்டும். கரித்துண்டு கிடைத்தால் நல்லது, அதில் நுணுக்கம் வராது என்பதே அதன் நன்மை.

வெளியே வரைவதைப் பற்றி ஒரு வார்த்தை. தொடக்கக் காலத்தில் ஒரு பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் பெண் ஒருவரை அரைமணி நேரம் எதிரே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன். அவர் மகன் வந்து பேடைப் பிடுங்கி, தாளைக் கிழித்துப் போட்டான். அவன் கோபம் நியாயமானது. முன்பின் தெரியாத ஆண் தன் அம்மாவை அடிக்கடி ஏறிட்டுப் பார்த்தால் யாருக்கும் வரும். அன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் என்றால் கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள், முடிந்ததும் காட்டச் சொல்வார்கள், “என்னை இவ்ளோ வயசாவா போட்டிருக்க” என்பார்கள். டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிப்பவர், சலூனில் முடிவெட்டக் காத்திருப்பவர், ரயிலில் தூங்குபவர், இவர்களை ஒரு நிமிடப் படங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்து போய்விட்டால் போகட்டும், அடுத்தவரைத் தொடங்குங்கள்.

அம்மாவை வைத்து நீங்கள் மறுபடி தொடங்கும்போது இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரவைக்க வேண்டாம், கால் மரத்துவிடும். எழுந்திருக்கும் முன் கால் இருந்த இடத்தையும் கை ஊன்றிய இடத்தையும் சாக்பீஸால் தரையில் குறித்துக்கொண்டால், ஐந்து நிமிடம் கழித்து அதே இடத்தில் வந்து உட்காரலாம். முடிந்த பிறகு, வரைந்த இடத்திலேயே தலையை வைத்து போனில் ஒரு போட்டோ எடுங்கள். பக்கத்தில் போகாமல் ஜூம் செய்து எடுங்கள், பக்கத்தில் போனால் அதுவும் மூக்கையும் முழங்காலையும் பெருக்கும். படத்தையும் போட்டோவையும் அடுத்தடுத்து வைத்து, எது பெருத்திருக்கிறது, எது நிமிர்ந்திருக்கிறது என்று தாளின் பின்புறம் தேதி போட்டு எழுதுங்கள். பத்துப் படம் சேர்ந்ததும் அந்தக் குறிப்புகளை இங்கே போடுங்கள். பத்திலும் ஒரே தப்பு திரும்பத் திரும்ப வந்திருந்தால் அதற்கு வழி சொல்கிறேன்.